பனிக்குள்ள இருந்து "மடை"ன்னு கூப்பிட்ட குரல்

இன்னைக்கு காலையில உப்பளத்துக்குப் போனது நாலே பேரு. முன்னாடி என் மருமவ செல்வி, அவ பின்னாடி லட்சுமி, அப்புறம் மேரி, கடைசியா நான்.

(எனக்கு எழுத வராது. நான் பேசுறேன், போன் எழுதிக்குது. தப்பிருந்தா போனைத் திட்டுங்க.)

ஒரே பனி. முன்னாடி போறவளோட குதிகால் மட்டும்தான் தெரியுது.

எங்க வழக்கம் ஒண்ணு. வரப்புல தண்ணி பாயுற மடை வந்தா முதல்ல போறவ "மடை"ன்னு குரல் குடுப்பா. பின்னாடி வர்றவங்க அதையே திருப்பிச் சொல்லிட்டுத் தாண்டணும்.

"மடை"ன்னு வந்துச்சு. சொன்னோம், தாண்டினோம். மறுபடி "மடை". மறுபடி தாண்டினோம்.

காலுக்கடியில உப்பு நறநறங்கல. சேறு சொதசொதங்குது.

"ஏய் மேரி, வழி சரிதானா?"

"எல்லாரும் போறாங்க இல்ல, பேசாம வா ஆயா."

அப்பதான் முன்னாடி தொப்புனு சத்தம். செல்வி கழுவெளி ஏரிச் சேத்துல, இடுப்பு வரைக்கும்.

முடியையும் முந்தானையையும் புடிச்சு மூணு பேரும் இழுத்துப் போட்டோம். என் பேரன் இன்னும் அவகிட்ட பால் குடிக்கிறவன்.

"ஏண்டி, மடை மடைன்னு எங்க கூட்டியாந்த?"

"நான் எங்க அத்தை கூப்பிட்டேன்? எனக்கு முன்னாடி யாரோ சொன்னாங்க. அதைத்தான் திருப்பிச் சொன்னேன்."

"உனக்கு முன்னாடி யாருடி?"

மேரி சிலுவை போட்டுக்கிட்டா. அதைப் பாத்து லட்சுமியும் போட்டுக்கிட்டா. (அவ வருஷா வருஷம் அம்மனுக்குத் தீ மிதிக்கிறவ.)

வீட்டுக்கு வந்து என் மவன் குமாருக்கு வீடியோ கால் போட்டேன். ஹாங்காங்ல ஓட்டல் வேலை. பொண்டாட்டி முகத்தைப் பாத்தப்புறம்தான் அவனுக்கு மூச்சு வந்துச்சு, அப்புறம் சிரிப்பும் வந்துச்சு.

"அம்மா, இங்க கான்டனீஸ்ல 'கன் தாய் தோய்'ம்பாங்க. பெரிய கூட்டத்துக்குப் பின்னாடி போறதுன்னு அர்த்தம். எதுக்குன்னே தெரியாம க்யூவுல போய் நிப்பாங்க பாரு, அந்த மாதிரி. நீங்களும் அதானே பண்ணீங்க."

"அங்க முன்னாடி கூட்டமாச்சும் இருக்குதுடா. செல்விக்கு முன்னாடி யாருமே இல்லியே."

அவன் சிரிப்பு நின்னுடுச்சு.

அவங்க யார்கிட்டயும் நான் சொல்லாததை இங்க சொல்றேன். செல்விக்கு முந்தி வந்த அந்தக் குரல் என் காதுலயும் விழுந்துச்சு. "மடைய்ய்"னு ஒரு இழுப்பு. அப்படி இழுக்கிறவ எங்க ஊர்ல ஒருத்திதான்.

செல்வியைத் தன் மவனுக்குக் கேட்டிருந்தா. நான் முந்திக்கிட்டேன். அன்னைலேருந்து என்கூட ஒரு வார்த்தை பேசல. பேசாமலே போன மழையில அதே கழுவெளியில முழுகிட்டா.

சண்டை உனக்கும் எனக்கும்தானே? என்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன். பச்சப்புள்ளக்காரியைக் கூப்பிட்டியே.

நீ செத்துட்டன்னு விட்டுட மாட்டேன், அஞ்சலை.