சூடேறிய பிறகு வரும் சத்தம்

ஒரு பொருளில் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் நாலு பேர் சிரிக்கும் அளவுக்குப் பாடுபடுகிறார். கண்டும் பிடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவர் செய்ய வேண்டியது என்ன? அரியாங்குப்பத்தில் முருகையனைத் தெரிந்த எல்லாரிடமும் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அவருடைய மனைவி செல்வாம்பாளிடமும் அதே பதில்தான். முருகையனிடம் மட்டும் வேறொன்று இருந்தது.

அவர் மில் தொழிலாளி. தறிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றதில் காது போய்விட்டது. அங்கே யாரும் குரலால் பேசுவதில்லை. உதடும் கையும்தான் பேச்சு. நாலு தறி தள்ளி நிற்பவன் உதட்டை அசைத்தால் முருகையன் வாசித்துவிடுவார். வீட்டில் அந்தத் திறமை பாதிதான் உதவியது. வீட்டு மனிதர்கள் அடுப்பைப் பார்த்துப் பேசுகிறார்கள், முதுகைக் காட்டிப் பேசுகிறார்கள். அவர் குரலோ அவருக்கே தெரியாமல் ஏறிக்கொண்டே போனது. உப்பு குறைவு என்று அவர் சொன்னால் தெருக்கோடி வரைக்கும் தெரியும்.

காது போனதற்காக யாரும் அவரை மட்டமாக நடத்தவில்லை. அவருக்காகப் பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். மகள் சந்திரகலாவின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை அவர் கையில் கொடுத்த பிறகுதான் மாப்பிள்ளை எந்த ஊர் என்பதே அவருக்குத் தெரிந்தது. பேச்சுவார்த்தை முழுக்க செல்வாம்பாளின் தம்பி ஜானகிராமன் நடத்தியிருந்தான். வேன் ஓட்டுபவன், நல்லவன், ஓடி ஓடிச் செய்பவன். அன்று முருகையன் தட்டை மாற்றிக் கொடுத்தார், சாப்பிட்டார், இரண்டு நாள் யார் உதட்டையும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த வருஷம், எண்பத்து மூன்றில், மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாக அறிவித்தார். மில் மைதானத்தில் நண்பர் ஒருவரின் வண்டியில் ஓட்டிப் பழகியிருந்தார்.

"ஹாரன் கேக்காதவருக்கு எதுக்குக்கா வண்டி? நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றான் ஜானகிராமன்.

"டேய், வாங்கப் போறது நானு. எங்கிட்டக் கேளு!" முருகையனின் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது.

முதலியார்பேட்டையில் பாவாடை என்று ஒரு தரகர். அவர் கொட்டகையில் ஒரு வண்டி நின்றது. அதன் வகைக்கு ஊரறிந்த வியாதி ஒன்று உண்டு. எஞ்சின் அடியில் இருக்கும் பேரிங் தேய்ந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் எதுவும் தெரியாது. நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே தட்டும். அந்தத் தட்டலை அமுக்க, விற்பவர்கள் கெட்டியான எண்ணெயை ஊற்றிவைப்பார்கள். மில் சைக்கிள் ஸ்டாண்டில் இப்படி ஏமாந்தவர்கள் இருந்தார்கள். முருகையன் அவர்களையெல்லாம் விசாரித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முருகையன், செல்வாம்பாள், ஜானகிராமன் மூன்று பேரும் போனார்கள். பாவாடை வெற்றிலை மென்றுகொண்டே ஜானகிராமனின் தோளைத் தொட்டார்.

"பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா வீட்டு வண்டி தம்பி. அவரு குடும்பத்தோட பிரான்சுக்குப் போயிட்டாரு. குழந்த மாதிரி வச்சிருந்தாரு. மாமாவுக்குக் காது...?"

"தறிக்காது. வேட்டு போட்டாலும் திரும்ப மாட்டாரு. நீங்க எங்கிட்டப் பேசுங்க. எஞ்சின் சத்தம் நான் கேட்டுக்கறேன்."

முருகையன் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஜானகிராமா, நீ சொன்னது தெரிஞ்சிடுச்சி. இவரு சொல்றதுதான் தெரியல." பாவாடையைப் பார்த்துக் கத்தினார்: "வெத்தலயத் துப்பிட்டு வாங்க. அப்புறம் வியாபாரம்!"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வாம்பாளுக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. பாவாடை துப்பிவிட்டு வந்து விலையைச் சொன்னார்.

முருகையன் எண்ணெய் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். வெல்லப்பாகு போல இழுத்தது. விரலைத் துடைத்துக்கொண்டார். ஜானகிராமன் உதைத்து ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, "பூ மாதிரி இருக்குது மாமா" என்று உதட்டைப் பெரிதாக அசைத்தான்.

"தவளக்குப்பம் வரைக்கும் ஓட்டிட்டு வரேன்" என்றார் முருகையன்.

"அம்மாந்தூரமா? முக்கு வரைக்கும் போயிட்டு வாங்க, போதும்."

"என் பொஞ்சாதியையும் ஏத்திக்கிட்டுத்தான் போவேன். மச்சான் இங்கயே இருப்பான். முடியாதுன்னா சொல்லுங்க, நடந்தே ஊட்டுக்குப் போறேன்."

பாவாடை ஜானகிராமனைப் பார்த்தார். ஜானகிராமன் அக்காவைப் பார்த்தான். முருகையன் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் உட்கார்ந்த செல்வாம்பாள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைத் திருப்பினார். சாலையைப் பார்க்க வேண்டிய கண்ணாடியில் அவள் முகம் வந்தது. "பேசிக்கிட்டு வா" என்றார்.

"ரோட்டப் பாருங்க!" என்றாள் அவள்.

"அதையும் பாக்கறேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் உதட்டை அவர் இப்படித் தேடிப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை. பயத்தில் பஸ் வருகிறது, மாடு நிற்கிறது, லாரி ஒதுங்குகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தவளக்குப்பம் சந்திப்பில் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது, எஞ்சின் அனல் அவள் காலில் அடித்தது. அரியாங்குப்பம் பாலத்து ஏற்றத்தில் முறுக்கி, இறக்கத்தில் கையைத் தளர்த்தினார். அவர் முதுகு ஒரு கணம் விறைத்ததை அவள் உணர்ந்தாள். அவள் காதுக்குக் காற்றைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். மூலையில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்து, ஒரு முனையை எஞ்சின் அடியில் ஊன்றி, மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு குந்தினார். தறியில் கோளாறு வந்தால் சட்டத்தில் இடுப்பைச் சாய்த்துக் கண்டுபிடித்தவர். அதிர்வு அவருக்குப் புதிதல்ல.

"யாரப்பா அது, நாயனம் வாசிக்கிறது?" என்றது ஒரு குரல். கொட்டகை குலுங்கியது.

"ஏங்க, எழுந்திரிங்க" என்றாள் செல்வாம்பாள். அவர் கண்ணை மூடியிருந்தார். கண்ணை மூடினால் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியை ஜானகிராமனிடம் நீட்டினார். "பல்லு வேணாம். உனக்குத்தான் காது இருக்குதே, அதுல வச்சிப் பாரு."

ஜானகிராமன் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். முருகையன் முறுக்கிவிட்டுத் தளர்த்தினார். ஜானகிராமனின் முகம் மாறியது. கதவை உள்ளேயிருந்து தட்டுவது போல, டொக், டொக் என்று கேட்கிறது என்றான். பாவாடை மறுபடி வெற்றிலைப் பையைத் தேடினார்.

"நானே வாங்கித்தான்யா வச்சிருக்கேன். எனக்கென்ன தெரியும்? வேணும்னா கொறச்சுத் தரேன்."

முருகையன் சிரித்தார். வீட்டுக்குப் போய்ப் பல நாள் சொல்லிச் சிரிக்க வேண்டிய சிரிப்பு அது. அதைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

ஜானகிராமன் அக்கா பக்கம் திரும்பினான். நல்லதைத்தான் சொன்னான். "நல்ல வேளக்கா, தப்பிச்சோம். அவரக் கூட்டிக்கிட்டு நட. இந்த வண்டி வேணாம்னு நான் சொல்லிடறேன். அடுத்த மாசம் கடலூர் பக்கம் நானே ஒண்ணு பாத்து எடுத்தாறேன்."

அவன் பக்கவாட்டில்தான் நின்றான். உதடு முருகையனுக்கு நன்றாகத் தெரிந்தது. முருகையனின் சிரிப்பு அடங்குவதைச் செல்வாம்பாள் பார்த்தாள். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டை வாங்கிய அன்று இருந்த முகம் அது.

"எடுத்துக்கறேன்" என்றார் முருகையன். "இந்த வண்டிதான்."

"மாமா, தட்டுதே!"

"தட்டுது. நாந்தான கண்டுபிடிச்சேன்?"

"அப்ப விலையாவது..."

"அவரு மொதல்ல சொன்ன விலதான்." சட்டைக்குள்ளிருந்து பணம் வைத்திருந்த துணிப்பையை எடுத்துப் பாவாடையிடம் நீட்டினார்.

பாவாடை அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. குறையை மறைத்து விற்றுப் பழகியவருக்கு, தெரிந்தே வாங்குபவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதை வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டாள்தனம் என்று அரியாங்குப்பத்தில் நிறையப் பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் முழுக் கணக்கு இல்லை.

வீடு திரும்பும்போது பாலத்தின் மேல் செல்வாம்பாளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இப்போது காற்றையும் மீறிக் கேட்டது. கண்ணாடியில் அவர் கண் தன் உதட்டின் மேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்:

"ஏங்க இத வாங்கினீங்க?"

முருகையன் வாசித்துவிட்டார். வாசித்தது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு இடது கையைத் தூக்கி, கண்ணாடியைச் சாலைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.