தராசில் ஏறிய எட்டு மாதம்

அந்த ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நீராவி இயந்திரத்தின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவள் அவள் ஒருத்திதான். படுக்கை விரிப்பை அவள் மடித்தால் மூலைகள் கத்தி மாதிரி நிற்கும். அதனால் அவளுக்கு 'மடிப்பக்கா' என்றே பெயராகிவிட்டது.

"மடிப்பக்காவுக்கு மட்டும் தனியா குளிர்காலம் வந்திருக்கு" என்று கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் எலும்புவரை குளிர்ந்தது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. குரல் கம்மிப்போனது. சாப்பாடு குறையக் குறைய எடை கூடியது.

இதையெல்லாம் அவள் சொன்னது கூடப்பிறந்த அக்காவிடம் மட்டும்தான். அக்காவும் ஒருகாலத்தில் பருமனாக இருந்தவள். ஆறு வருடங்களுக்கு முன் மளமளவென்று இளைத்தாள். அந்தக் கையோடு வீட்டு மாடியில் எடை குறைப்பு வகுப்பும் தொடங்கினாள். முப்பது பெண்கள் வந்தார்கள். சுவரில் அக்காவின் பழைய படமும் புதிய படமும் பக்கம் பக்கமாகத் தொங்கின.

"உடம்பு பொய் சொல்லும்டி. பசிங்கும், களைப்புங்கும், குளிருதுங்கும். எதையும் நம்பாதே. வாயைக் கட்டு" என்றாள் அக்கா.

எட்டு மாதம் வாயைக் கட்டினாள். காலையில் வெந்நீர், மதியம் வேகவைத்த காய், ராத்திரிக்கு ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் அக்கா அவளைத் தராசில் ஏற்றினாள். முள் மேலேதான் போனது. ஒரு ஞாயிறு, அத்தனை பெண்களுக்கும் நடுவில் அக்கா கேட்டாள்: "உண்மையைச் சொல்லு. யாருக்கும் தெரியாம என்ன தின்னுற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு நடக்கும்போது, தன்னை அறியாமல் எதையாவது தின்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அலமாரியில் இருந்த பிஸ்கட்டுகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வாரம் வேலையிடத்தில் தலை கிறுகிறுத்து, விரிப்புக் குவியலின் மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

"தைராய்டு சரியா வேலை செய்யலை. பட்டினி கிடந்தாலும் எடை ஏறத்தான் செய்யும்" என்றார் டாக்டர். "உடம்பு இவ்வளவு நாளா கத்தியிருக்கே, ஏம்மா வரலை? வீட்டுல வேற யாருக்காவது இது இருக்கா?"

"யாருக்கும் இல்லை டாக்டர்."

மறுநாள் அக்காவின் கணவர் பழங்களோடு அவளை வீட்டில் பார்க்க வந்தார். மேஜைமேல் இருந்த மாத்திரை டப்பாவைக் கையிலெடுத்தார்.

"அட, உங்க அக்கா முழுங்குற அதே மாத்திரை! காலையில வெறும் வயித்துல போடணும், மறந்துடாதே. அவளுக்கு ஆறு வருஷமா நான்தான் வாங்கிட்டு வர்றேன்."

குளிர், முடி, குரல் என்று தான் ஒவ்வொன்றாகச் சொன்னபோது, அக்கா தலையாட்டிக் கேட்டது அவளுக்குக் கண்முன்னே வந்தது.

நேராக அக்கா வீட்டு மாடிக்குப் போனாள். அக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் இதேதானே வந்துது? தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லலை?"

அக்கா நிமிரவில்லை. "மாத்திரையால இளைச்சேன்னு தெரிஞ்சா இங்க யாருடி வருவா? நீ ஓட்டைவாய், யார்கிட்டயாவது உளறிடுவே."

"என்னைத் திருடின்னு சிரிக்க வச்சியே!"

"இன்னும் கொஞ்ச நாள்ல நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு..." அக்கா முடிக்கவில்லை. முடிக்க விடாமல் அவள் படியிறங்கிவிட்டாள்.

மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச காலம் பிடித்தது. முதலில் குளிர் விட்டது, பிறகு குரல் தெளிந்தது. எடை மெதுவாக இறங்கியது. ஆனாலும் பசிக்கும்போது தட்டின் முன்னால் உட்கார்ந்து, இது நிஜப் பசிதானா என்று கொஞ்ச நேரம் யோசிப்பாள். அந்தப் பழக்கம் மட்டும் சீக்கிரம் போகவில்லை. சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி அக்காவின் வகுப்பில் சேரப்போவதாகச் சொன்னபோது, "முதல்ல ரத்தம் பார்த்துட்டுப் போ" என்றாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அதன்பிறகு அக்கா அவளோடு பேசுவதில்லை.