ஒரிசியா சும்மா இருந்த சாயங்காலம்

கனடாவின் சஸ்காட்சவனில் எங்கள் ஊர்க் கணினிகளில் பாதிக்கு மறுபிறவி கொடுத்தவள் நான்தான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கொடுத்தவள் என் தம்பி நெஸ்டரின் மனைவி ஒரிசியா. நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

ஒரிசியா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வைரஸ் பிடித்த கணினியைக் காலையில் பிள்ளைகளோடு சேர்த்து வாசலில் நிறுத்திவைப்பார்கள். முன் இருக்கையில் ஏற்றி அதற்கும் பெல்ட் மாட்டிவிடுவாள். வீட்டில் விண்டோஸ் சிடியைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் தருவாள். அவளால் முடியாத ஒரே காரியம் சும்மா இருப்பது. அதனால் சிடியைச் சுழலவிட்டுவிட்டுப் பனி வாரப் போய்விடுவாள்.

அந்தப் பிப்ரவரியில், பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் போட்டி தொடங்கும் அன்றைக்கே கிளப் கணினி படுத்துவிட்டது. யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது. திறக்கத்தான் கணினி இல்லை. கிளப் தலைவர் கிளென் கறாராகச் சொன்னார்:

"ஆட்டம் தொடங்குறதுக்குள்ள வேணும் ஒரிசியா. இல்லேன்னா இனிமே நகரத்துக் கடைக்காரன்தான்."

கணினி சரிசெய்வதுதான் ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை. வெளியே போக மனமில்லாமல் கிளப்பிலேயே திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்; பக்கத்தில் நானும் நெஸ்டரும். வினை அங்கேதான் தொடங்கியது.

பழையதை அழித்து, கோப்புகளை ஏற்றி முடித்ததும் கணினி தானாக அணைந்து எழுந்தது. சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொன்னது. முதல் தடவை அழுத்தத்தான் வேண்டும். இப்போது தொடவே கூடாது. அவள் விரல் சும்மா இருக்குமா? தட்டிவிட்டது. மறுபடி அதே நீலத் திரை, முதலிலிருந்து. அடுத்த முறையும் அதே கதை.

"உன் பஸ்ஸு மாதிரியே இதுவும் ஒரே ரவுண்டுதானா?" என்றார் கிளென்.

"வாயை மூடிட்டுப் போய் ஐஸைத் தேய்யா!"

அணிகள் பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கின. ஒரிசியாவின் முழங்கால் மேசையை ஆட்டியது. நெஸ்டர் என் பையிலிருந்து வளையமாகச் சுற்றிய கம்பளி நூலை எடுத்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் மாட்டினான். மறுமுனையை உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தான்.

"கையை எடுத்தே, நூல் சிக்கிடும். அக்கா என்னை உயிரோட விட மாட்டா."

கணினி அணைந்து எழுந்தது.

"நெஸ்டர், அது கேக்குது!"

"கேக்கட்டும். வாசல்ல சாமான் விக்கிறவனும்தான் பெல் அடிக்கிறான். எல்லாருக்குமா கதவைத் திறக்கிறே?"

அவள் பத்து விரலும் நூலுக்குள் துடித்தன. கேள்வி தானாக மறைந்தது. வேலை மேலே நகர்ந்தது.

முதல் கல் பனியில் வழுக்குமுன், பிரிண்டர் கடகடவென்று அட்டவணையைத் துப்பியது. கிளென் தொப்பியைக் கழற்றி அவளுக்குக் கும்பிடு போட்டார்.

நான் எழுதுவதை இதுவரை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த ஒரிசியா சொல்கிறாள்:

"எந்தப் பிரிண்டர் அக்கா? ஃபார்மட்ல அதை ஓட்டுற டிரைவர் புரோகிராமும் போயிடுச்சு, ஒத்தத் தாள் வரல. நான் திரையைப் பாத்து வாசிச்சேன், நீங்க கரும்பலகையில எழுதுனீங்க. உங்க மகனோட அணியைக் கொண்டுபோய் அந்த எண்பது வயசுக்காரங்களோட கோத்துவிட்டதும் நீங்கதான்."