பச்சியப்பன் அடித்த மணி

மேட்டுக்கொட்டாய் சாலம்மாளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கின் விலையை அடித்துக் கேட்கும் வியாபாரியானாலும், மனுவைத் தொடாமலே நாளைக்கு வா என்று விரட்டும் ஆபீஸ்காரரானாலும், பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போகும் பங்குச்சாமியாரானாலும் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் கணவர் சவரி அதிகம் பேசாதவர். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அப்படிப்பட்டவள் வாயடைத்து நின்றது ஒரே ஒரு மனிதருக்கு முன்னால்தான். அவரும் வேற்றாள் அல்ல, ஆற்றுக்கு இக்கரையில் கிழங்குக் காடு வைத்திருந்த பச்சியப்பன். சின்ன வயதிலிருந்து அவள் அண்ணா என்று கூப்பிட்டு வந்தவர்.

பச்சியப்பனுக்குப் பெரிய படிப்பு இல்லை. குரல் மட்டும் பெரியது. எண்பதாம் வருடத் தேர்தலில் நின்றபோது மேட்டுக்கொட்டாய் மாதா கோயில் முன்னால் மைக் இல்லாமலே பேசினார். சித்தேரி மலையிலிருந்து இறங்கும் காட்டாறு மழைக்காலத்தில் அந்த ஊரை மாதக்கணக்கில் துண்டித்துவிடும். பாலம் கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அக்கரை ஓட்டு முழுவதையும் சாலம்மாள் வீடு வீடாகப் போய் அவருக்கு வாங்கிக் கொடுத்தாள்.

ஜெயித்த பிறகு அவர் வாக்கை மறக்கவில்லை. சட்டசபையில் எந்த விவாதம் நடந்தாலும் எழுந்து பாலத்தைக் கேட்டார். மீன்வளத்துக்கு நிதி ஒதுக்கும் விவாதத்திலும் கேட்டார். சொந்தக் கட்சி அமைச்சரையே மடக்கினார். ஒருமுறை உட்காரச் சொல்லியும் உட்காராமல் கத்தியதற்காகக் காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த நாளன்று மேட்டுக்கொட்டாயில் பட்டாசு வெடித்தார்கள்.

பாலம்தான் வரவில்லை. எண்பத்து மூன்றில் ஐப்பசி வெள்ளத்தின்போது சவரியின் தங்கை புஷ்பமேரிக்கு வலி கண்டது. கட்டிலோடு தூக்கி வந்தவர்கள் ஆற்றைத் தாண்ட முடியாமல் கரையிலேயே நின்றார்கள். சாக்குப் படுதாவுக்கு அடியில், மழையில், சாலம்மாள் கையில்தான் அந்தக் குழந்தை பிறந்தது. அது அழவே இல்லை.

அடுத்த தேர்தலிலும் பச்சியப்பன் ஜெயித்தார். இந்தத் தடவை கட்சி அவரைத் துணை சபாநாயகராக்கியது. தருமபுரியில் மாலை போட்டு மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். இனிமேல் பாலம் வந்த மாதிரிதான் என்று மேட்டுக்கொட்டாய்க்காரர்கள் நம்பினார்கள். ஆனால் ஒரு வருடம் போயும் சபையில் பாலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாலம்மாள் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். அந்த நாற்காலியில் உட்காருகிறவன் ஒரு ஊருக்காகக் கேள்வி கேட்கக் கூடாது, அமைச்சரின் அறைக்கு நடையாய் நடந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். அவளுக்கு அது சால்ஜாப்பாகப் பட்டது. பதவி வந்ததும் மனிதர் மாறிவிட்டார் என்றே நினைத்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தொகுதி உறுப்பினர் கோவிந்தன் எதிர்க்கட்சிக்காரர். நேராக அவர் வீட்டுக்குப் போனாள். புஷ்பமேரியின் கதையை அவரிடம் சொன்னாள். கோவிந்தன் முழுக்கக் கேட்டுவிட்டு, தானே கேள்வி போடுவதாகச் சொன்னார். எண்பத்தாறு கோடையில் அந்தக் கேள்வி எந்த நாளில் வருகிறது என்று தகவல் வந்தது. பார்வையாளர் சீட்டும் அவரே வாங்கித் தந்தார். சாலம்மாளும் சவரியும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனார்கள்.

கோட்டையைப் பார்த்ததும் சவரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டுக்கொள்ளலாம் என்று காவலர் சொல்ல வேண்டியிருந்தது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து சாலம்மாள் கீழே எட்டிப் பார்த்தாள். பேப்பரில் படம் போட்டு வரும் முகங்கள் எல்லாம் ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக இருந்தன. சபாநாயகருக்கு அன்று உடம்பு சரியில்லை. கதவு திறந்தது. யாரோ உரக்க ஒரு வார்த்தை சொன்னார்கள். அத்தனை பேரும், அமைச்சர்கள் உட்பட, ஒரே அசைவாக எழுந்து நின்றார்கள். உள்ளே வந்தவர் பச்சியப்பன்.

கிழங்கு மூட்டை தூக்கிய அதே தோள்தான். ஆனால் அவர் நடந்து வந்த விதத்தில் அவசரம் இல்லை. இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். சாலம்மாள் தானும் எழுந்து நின்றிருந்ததை அப்போதுதான் உணர்ந்தாள்.

கேள்வி நேரம் தொடங்கியது. ஒரு உறுப்பினர் எழுந்து கத்தினால் பச்சியப்பன் அவர் பெயரை ஒருமுறை சொல்வார், அவர் அடங்கிவிடுவார். அமைச்சர் பதிலை வளர்த்துக்கொண்டே போனால் மணியை லேசாகத் தட்டுவார், அமைச்சர் முடித்துக்கொள்வார். தான் கத்தியதற்காகத் தூக்கி எறியப்பட்ட அதே இடத்தில், குரலே உயர்த்தாமல் அத்தனை பேரையும் அவர் நடத்திக்கொண்டு போனார். சாலம்மாள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த கேள்விகள் நீண்டன. கடைசியில் கோவிந்தனின் பெயர் வந்தது. அவர் எழுந்து கேள்வியின் எண்ணைச் சொன்னார். அமைச்சர் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போது பச்சியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணியை அடித்தார்.

"கேள்வி நேரம் முடிவடைந்தது" என்றார்.

சபையில் சலசலப்பு எழுந்தது. கோவிந்தன் உட்காரவில்லை. இது துணை சபாநாயகரின் சொந்தத் தொகுதிப் பிரச்சினை, ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆளும் கட்சி வரிசையிலிருந்தும் ஆமாம் ஆமாம் என்று குரல் வந்தது. அமைச்சரே பதில் சொல்லத் தயார் என்பதுபோல நின்றார்.

"நேற்று ஓர் உறுப்பினர் கூடுதல் நேரம் கேட்டார். நான் மறுத்தேன். இன்று என் தொகுதி என்பதற்காக விதி மாறாது. உறுப்பினர் அமர வேண்டும்" என்றார் பச்சியப்பன்.

சாலம்மாளுக்கு என்ன ஆனதென்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணா, அது நம்ம பாலமுங்க" என்று கூவிவிட்டாள்.

கூடமே மேலே திரும்பியது. பச்சியப்பனும் பார்த்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டது அவர் முகத்தில் தெரிந்தது.

"பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும். அந்த அம்மையாரை வெளியே அழைத்துச் செல்லவும்" என்றார். சற்று நிறுத்தி, "மரியாதையாக" என்று சேர்த்தார்.

காவலர்கள் அவளை அழைத்துப்போய்த் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். சவரியும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். மதியம் சபை கலைந்ததும் பச்சியப்பனின் அறைக்குக் கூட்டிப் போனார்கள். நேரம் போதாமல் விடுபட்ட கேள்விக்கு எழுத்து மூலமான பதில் வந்திருந்தது. நிதி நிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்று ஒரே வரி. நேரில் கேட்டிருந்தால் கோவிந்தன் துணைக் கேள்வி போட்டு அமைச்சரை விட்டிருக்க மாட்டார் என்பது சாலம்மாளுக்குப் புரிந்தது. ஆத்திரம் பொங்கியது.

"அஞ்சு நிமிசங்கண்ணா. அந்தப் புள்ளைய என் கையில வாங்குனத நீங்க மறந்துட்டீங்களா?"

பச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மறக்கல, சாலம்மா. நேத்து கேட்டாரு பாரு, அந்தத் தெக்கத்தி மெம்பரு, அவரு குடி தண்ணிக்குக் கேட்டாரு. அவரு ஊருப் பொம்பளைங்களும் நீ உக்காந்த எடத்துலதான் உக்காந்திருந்தாங்க. அவங்களப் பாத்து முடியாதுன்னு சொல்லிப்போட்டேன். இன்னிக்கு எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு உனக்குக் குடுக்கறது?"

சாலம்மாள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இந்த மனிதர் தன் தொகுதியின் ஓட்டைத் தன் கையாலேயே தள்ளிவிட்டு, அது தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. எதிரில் இருந்தது அவள் அண்ணா என்று கூப்பிட்ட ஆள்தான். ஆனாலும் மலையடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. அவர் இருவருக்கும் சாப்பாடு வரவழைத்தார். தானும் கூடவே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று வெளியே அனுப்பப்பட்டவள் பச்சியப்பனை அண்ணா என்று கூப்பிடும் ஊர்க்காரி என்பது சபை முழுக்கப் பரவிவிட்டது. பாலத்தின் பேச்சு அதோடு நின்றுபோகவில்லை. அடுத்த கூட்டத் தொடரில் அதே கேள்வியை முதலில் வரும்படி எழுதிப் போட்டவர் குடிதண்ணீருக்குக் கேட்டு நேரம் கிடைக்காத அந்தத் தெற்கத்தி உறுப்பினர், அவரும் எதிர்க்கட்சிக்காரர். கோவிந்தனும் சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் துணைக் கேள்விகளால் துளைத்ததில் அமைச்சர் சபையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எண்பத்தேழில் ஆற்றில் தூண் எழும்பியது. மறுவருட மழைக்கு முன்னால் மேட்டுக்கொட்டாய்க்கு முதல் தடவையாக லாரி வந்தது.

எண்பத்தொன்பது சனவரியில் தேர்தல் வந்தது. பாலம் கொண்டுவந்தது எதிர்க்கட்சிக்காரர்கள்தானே, நம்ம ஆள் மணி அடித்து நிறுத்தியவர்தானே என்று மேட்டுக்கொட்டாயிலேயே பேச்சு. சாலம்மாள் வீடு வீடாகப் போய்க் கோட்டையில் தான் பார்த்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஓட்டை மாற்றிப் போட்டார்கள்.

தருமபுரியில் ஓட்டு எண்ணிய அன்று அவள் வெளியே கூட்டத்தில் நின்றிருந்தாள். வித்தியாசம் மிகக் கொஞ்சம். மறுபடி எண்ணச் சொல்லும்படி ஏஜெண்டுகள் பச்சியப்பனைப் பிடித்து இழுத்தார்கள். எண்ணும்போது கூடவே இருந்து பார்த்தேன், சரியாகத்தான் எண்ணினார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். ஜெயித்தவருக்குத் தானே முதலில் மாலை போட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். சாலம்மாள் பின்னாலேயே போனாள்.

ஊர்ப் பக்கம் போகும் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் கூட்டம் இல்லை. பச்சியப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு, சாலம்மா. ஊரு போற வரைக்கும் நின்னுகிட்டேவா வருவே? புஷ்பமேரிக்கு ஆஸ்பத்திரியில பொம்பளப் புள்ளன்னு சொன்னாங்களே, பேரு என்ன வெச்சீங்க?"

இன்னும் வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே அவள் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.