மாத்திரைப் பையோடு ஆவடிக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு நானும் என் மகள் தாரணியும் காவேரிப்பாக்கத்தில் பேருந்து ஏறினோம். பூந்தமல்லிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர்; ஆளுக்கு அறுபது ரூபாய். என் மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே எங்கள் வீட்டு மாத்திரைகள் அத்தனையும் இருந்தன. கணவரின் சர்க்கரை மாத்திரை, என் ரத்த அழுத்த மாத்திரை, பாதி தீர்ந்த இருமல் மருந்து, எதற்கு வாங்கினோம் என்றே நினைவில்லாத ஒரு பச்சைக் குப்பி. அவருக்கு அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்துவிட்டு வந்திருந்தேன். சென்னைப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், கோயிலுக்குப் போயிருக்கிறேன். மாத்திரைப் பையோடு போனது அதுதான் முதல் தடவை.

எங்கே, எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். தாரணி எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்படிப்பு நுழைவுத் தேர்வும் எழுதி, நல்ல ரேங்க்கும் வாங்கிவிட்டாள். இனி எந்தப் பிரிவு வேண்டும் என்று விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஊரே ரேடியாலஜி, தோல் என்று பேசிக்கொண்டிருக்க, இவள் குடும்ப மருத்துவம் என்கிறாள். காரணம், அவள் கல்லூரியில் இருக்கும் ஒரு மாணவர் குழு. குடும்ப மருத்துவத்தையும் ஒரு தொழிலாக எடுத்துப் படியுங்கள் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுகிற பிள்ளைகள். தாரணியும் அதில் ஒருத்தி. கூட்டத்தில் கைதட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் மனம் மாறிவிடுகிறார்கள் என்று இவர்கள் கண்டுகொண்டார்கள். அதனால் இப்போது பெற்றோருக்கே வலை வீசுகிறார்கள். பெற்றவர்கள் ஒரு நாள் குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு வர வேண்டும். டோக்கன் வாங்கி நோயாளிகளோடு உட்கார வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் கொண்டுவர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

"இவ்ளோ வருசம் படிச்சிட்டுக் காய்ச்சலுக்கு ஊசி போடவா?" என்று என் கணவர் கேட்டார். நெல் மண்டி வைத்திருப்பவர். எதையும் எடை போட்டுத்தான் பார்ப்பார். எனக்கும் அதே எண்ணம்தான். என்னை வேவு பார்க்கத்தான் அனுப்பினார் என்றும் சொல்லலாம். அந்த விருப்பப் பட்டியலை இனி மாற்ற முடியாதபடி பூட்டிவிட மறுநாள் மாலை ஐந்து மணிவரை அவகாசம். "நீ வேணாம்னா நான் எழுத மாட்டேம்மா. ஆனா பாத்துட்டுச் சொல்லு" என்று தாரணி என் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் அஞ்சலகத்தில் எழுத்தர். இருபத்தாறு வருடமாகக் கவுன்ட்டர் வேலை. முட்டி இரண்டும் எனக்கு முன்னால் ஓய்வுபெறத் தயாராகிவிட்டன. அதற்கு மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கும் வலி மாத்திரை அட்டை ஒன்று என் கைப்பையில் இருந்தது. அதை மஞ்சள் பையில் போடவில்லை. போட்டால் தாரணி திட்டுவாள்.

ஏழே முக்கால். இடப்பக்கம் குத்தம்பாக்கத்தின் புதிய பேருந்து நிலையம் பெரிதாகத் தெரிந்தது. எட்டு மணிக்குப் பூந்தமல்லி பைபாஸில் இறங்கியபோது முட்டி மடங்க மறுத்தது. தலைக்குமேல் மெட்ரோ பாதை. கீழே இளநீர் வண்டி. ஆவடிப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கரையான்சாவடி, சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு என்று பத்துக் கிலோமீட்டர். வழியெல்லாம் அடுக்குமாடிகள். எண்ணிக்கொண்டே வந்தேன், இதயம், எலும்பு, தோல், பல் என்று உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டாக்டர் பலகை இருந்தது.

ஆவடியிலிருந்து சேக்காட்டுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். கிளினிக் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பி என் மடியைப் பார்த்தார்.

"பையோட போறீங்களா? அப்ப அந்த டாக்டரம்மாதான். எங்க ஊட்டுலயும் இதுக்குன்னே ஒரு பை தனியா மாட்டிக் கீதுக்கா."

ஒன்பதே காலுக்கு உள்ளே நுழைந்தோம். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இரண்டு அறை, ஒரு கூடம், பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. பளபளப்பு எதுவும் இல்லை. என் டோக்கன் எண் பதினான்கு. எங்களைத் தவிர இன்னொரு பெற்றோரும் வந்திருந்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர். வீட்டு மாத்திரைகளை ஸ்பேனர் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

என் கண் போனது சுவரோரம் இருந்த அலமாரிக்கு. ஆளுக்கு ஒரு ஃபைல் என்று நினைத்தேன். இல்லை, வீட்டுக்கு ஒரு ஃபைல். தெரு வாரியாக, கதவு எண் வாரியாகச் சின்னச் சின்னத் தடுப்பறைகளில் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிக்கும் அலமாரி அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். வந்தவர்களும் பெயரைச் சொல்லவில்லை. "ரெண்டாவது தெரு, பால்காரர் மாடி" என்றார் ஒருவர். ராத்திரி வேலை முடிந்து கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த ஐ.டி. பையன் "சி பிளாக், மூணாவது மாடி" என்றான். எனக்கு ஏனோ சொந்த ஆபீசுக்கு வந்ததுபோல் இருந்தது.

ஒன்பதே முக்கால் இருக்கும். தாரணி உள்ளே டாக்டரோடு பேசப் போயிருந்தாள். முட்டி வலி பொறுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு மூடினேன். பக்கத்து நாற்காலி அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாமா, புச்சா? எந்த ஊடு?"

"காவேரிப்பாக்கம்."

"அம்மாந்தொலைவா! நாங்க வெள்ளானூரு. ஏரிக்கரை ஊடுன்னா தெரியும். பேரு தேவகி."

நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது, மீதியில் கீரை போடுகிறோம், மூத்த மகன் கார் கம்பெனிக்குப் போகிறான் என்று ஐந்து நிமிடத்தில் குடும்பம் முழுவதையும் எனக்கு அறிமுகம் செய்துவிட்டார். தன் பையையும் நாற்காலியில் கொட்டிக் காட்டினார். எங்கள் பக்கத்துப் பேச்சுக்கும் அவர் பேச்சுக்கும் அண்ணன் தம்பி உறவுதான். அதனால் சீக்கிரம் ஒட்டிக்கொண்டோம்.

பத்தரைக்கு என் முறை. இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டாம். பெற்றோர் வரும் நாளில் அந்த வீட்டு ஃபைலைப் பிள்ளையே எழுத வேண்டும். டாக்டர் பிறகு வந்து பார்ப்பார். கூடத்து மூலை மேசையில் தாரணி எனக்கு எதிரே உட்கார்ந்தாள். மஞ்சள் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கு, யார் எழுதிக் கொடுத்தது, எப்போதிருந்து என்று கேட்டு எழுதினாள். அந்தப் பச்சைக் குப்பி எங்கள் பூனைக்கு வாங்கியது என்று அப்போதுதான் நினைவு வந்தது. பூனை போய்ச் சேர்ந்து நாலு வருடம்.

"இதுல இல்லாம வேற ஏதாவது மாத்திரை போடறியாம்மா?"

"இல்லையே."

"இன்னாமா நீ!" என்று பின்னாலிருந்து தேவகியின் குரல் வந்தது. "பெத்த பொண்ணாண்டயே இல்லங்குற. இப்பத்தானே முழுங்கின? அந்தக் கைப்பையில இன்னா கீது?"

கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கோச்சிக்காதமா. நானும் மொதல்ல ஒளிச்சிக்கினுதான் இருந்தேன். எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாம மூட்டுக்கு லேகியம் துன்னுகினு இருந்தேன். அப்பால இங்கதான் கொட்டினேன். இங்க யாரும் திட்ட மாட்டாங்க, எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். தாரணி அட்டையைத் திருப்பிப் படித்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். தினம் ரெண்டு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "உனக்கு பி.பி. அடங்கலன்னு மூணு தடவை டோஸ் ஏத்துனாங்கம்மா. இந்த மாத்திரையே பி.பி.யை ஏத்தும். கிட்னியையும் கெடுக்கும். ஸ்டெதஸ்கோப் வாங்குன அன்னிக்கு மொதல்ல உனக்குத்தான் வெச்சுப் பாத்தேன். ஆனா இதைக் கேக்கல. ஒருநாளும் கேக்கல." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

திட்டுவாள் என்று பயந்தவளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு வருடத்தில் மூன்று டாக்டர்களிடம் போயிருந்தேன். மூவரும் படித்தவர்கள், மரியாதையானவர்கள். ஒருவர் இதயம் பார்த்தார், ஒருவர் எலும்பு பார்த்தார், ஒருவர் ஸ்கேன் படம் பார்த்தார். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் கைப்பையை மூடி வைத்திருந்தவள் நான்தான்.

பிறகு டாக்டர் ஹேமா வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தாரணி எழுதியதைப் படித்து, மறுபடி ரத்த அழுத்தம் பார்த்து, "இவங்க சொன்னது சரிதான்மா" என்றார். வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். கிட்னிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, முட்டிக்கு நாலு பயிற்சி, ஆபீசில் உயரமான நாற்காலி, இரண்டு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே காட்டிக்கொள்ள ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

நான் வேவு பார்க்க வந்த கேள்வியைக் கேட்டேவிட்டேன். "நீங்க ஸ்பெஷலிஸ்ட் இல்லேன்னு யாரும் சொல்றதில்லையா?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க மாமியாரே வெளியில என்னைக் காய்ச்சல் டாக்டர்னுதான்மா சொல்லிக்கறாங்க. ஆனா அவங்க மாத்திரைப் பையையும் இங்க வந்துதான் கொட்டறாங்க."

ஒரு மணிக்குக் கிளம்பினோம். லேத் பட்டறைக்காரர் தம் மகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, ஸ்பேனர் பெட்டியை ஆட்டியபடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். தேவகியின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "எனக்கு எதுக்குமா நன்றி? பொண்ணுக்குச் சொல்லு" என்றார். அவருக்கும் சொல்ல வேண்டும், அந்த மாணவப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் அழைக்காவிட்டால் அந்த அட்டை இன்னும் என் கைப்பையில்தான் இருந்திருக்கும்.

பூந்தமல்லியில் ஊர்ப் பேருந்து ஏறியபோது மணி இரண்டரை. ஜன்னலோர இடம் கிடைத்தது. எங்கள் ஊரிலும் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு மட்டும், செவ்வாய் மாலை மட்டும் என்று கடைத்தெரு முழுக்கப் பலகைகள். அத்தனை பேரில் எங்கள் வீட்டை வீடாகத் தெரிந்த ஒருவர் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

செம்பரம்பாக்கம் தாண்டும்போது என் கணவர் போன் செய்தார். "இன்னா ஆச்சு? ரேடியாலஜியே போடச் சொன்னியா?"

"உங்க பொண்ணு எனக்கு வைத்தியம் பாத்துட்டா. மிச்சத்தை வூட்டுக்கு வந்து சொல்றேன். பட்டியல்ல குடும்ப மருத்துவத்தைத்தான் மொதல்ல போடப் போறா. நான்தான் சொல்றேன்."

தாரணி என் பக்கம் திரும்பினாள். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் ஃபைலின் நகலை அவள் மடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வீட்டு விலாசம், என் பெயர், அவர் பெயர், அவள் பெயர் எல்லாம் எழுதியிருந்தாள். 'குடும்ப மருத்துவர்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். கைப்பையில் என் ஆபீஸ் பேனா இருந்தது. குலுங்கும் பேருந்தில் முடிந்தவரை அழகாக, இனிஷியலோடு, டாக்டர் தாரணி என்று எழுதினேன்.

"அம்மா, அதுக்கு இன்னும் மூணு வருசம் ஆகும்!"

"ஆகட்டும்டி. விலாசத்தை மொதல்ல எழுதி வெப்போம். ஆள் வந்து சேரட்டும்."