சுற்றாடல் வாரத்துப் போத்தல்கள்

சுற்றாடல் வாரம் வந்துவிட்டால் எனக்கு ஒரு வேகம் பிறந்துவிடும். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஐந்தாம் தரத்துக்கு நான் வகுப்பாசிரியை. அந்த வருடம் வெறும் பிளாஸ்டிக் போத்தல் சேர்க்கும் போட்டி வைத்தார்கள். சேர்ந்ததையெல்லாம் லொறி வந்து மறுசுழற்சிக்கு ஏற்றிக்கொண்டு போகும். அதிகம் சேர்க்கும் வகுப்புக்குக் கேடயம். முந்தைய வருடம் அதைப் பக்கத்து வகுப்பு தட்டிக்கொண்டு போனது எனக்குக் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று நாளாகியும் பிள்ளைகள் கொண்டுவந்ததில் ஒரு பை நிறையவில்லை. "ஒங்க வீட்டுல ஒரு வெறும் போத்தல் கூடவா இல்ல?" என்று எரிந்து விழுந்தேன். இல்லைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்தப் போத்தல் சும்மா கிடக்கிறது? ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் தேங்காயெண்ணெய், கழுத்தை அறுத்துவிட்டால் உப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் ஆகும். பழையதைத் திரும்பப் பயன்படுத்துங்கள் என்று கரும்பலகையில் எழுதி, படமும் வரைந்து அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தினேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அத்தோடு நின்றேனா? கடையில் இரண்டு பெட்டி சோடா வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். குடித்தது போக மீதியைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன். காலையில் யாரும் வருமுன், பளபளவென்று ஒரே மாதிரி இருந்த அந்தப் போத்தல்களை மூட்டையின் அடியில் திணித்தேன். ஊருக்குத்தானே உபதேசம்!

என் ஏச்சுக்குப் பயந்தோ என்னவோ, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அன்று ஐந்து போத்தல் கொண்டுவந்தாள். அதில் ஒன்று நல்ல கெட்டி. பழைய சட்டைத் துணியில் அதற்கு உறை தைத்திருந்தது. யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உறையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போத்தலை எண்ணிக்கையில் சேர்த்தேன். எங்கள் வகுப்புத்தான் முதலிடம். மூட்டைகளைக் கட்டி, லொறி வரும்வரை விளையாட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். தூக்குவதற்கு அவள்தான் ஒரு பக்கம் பிடித்தாள்.

மறுநாள் பகல், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவளுடைய அம்மா வந்தார். மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்குத் துணி நனைந்திருந்தது. வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நான் மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோற போத்தல புள்ள தூக்கிட்டு வந்திருச்சு. மத்ததெல்லாம் இருக்கட்டும், அது ஒன்ன மட்டும் குடுத்தீங்கன்னா போதும். வேற போத்தல்ல சுடச்சுட ஊத்துனா சுருங்கிப் போயிருதுங்க. நேத்தும் இன்னைக்கும் இந்தக் குளிருல பச்சத் தண்ணிதான் குடிச்சேன்."

அறை நாலடி தூரத்தில் இருந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது. ஆனால் மூட்டையை அவிழ்த்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்ப்பார், அந்தச் சோடாப் போத்தல்கள் வெளியே வரும், என் மானம் கப்பலேறும். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. மழையில் நின்று கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் சூடான தேத்தண்ணி பெரிதாக இல்லை.

"லொறி வந்து ஏத்திட்டுப் போயிருச்சேம்மா" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். "அப்படியா பாப்பா?"

மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தவள் அவள். லொறி வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். என் முகம் எப்படி இருந்ததோ, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமாம்மா, போயிருச்சு" என்றாள். "டீச்சர் மேல தப்பில்ல. நான்தான் ஒங்ககிட்ட கேக்காம எடுத்துட்டு வந்தேன்."

அம்மா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க டீச்சர், ஒங்களுக்கு வீண் தொந்தரவு" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார்.

பிள்ளை அழவில்லை. புத்தகத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.