த்ரெட்டைக் கட்டிப் பட்ட பாடு

கம்ப்யூட்டரோடை மாரடிக்கிற சனங்களே, ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ரை மூளையான கேர்னலுக்குள்ள ஓடுற வேலைகளை, அதுதான் த்ரெட்டுகளை, இன்ன புரொசஸரிலதான் ஓடவேணுமெண்டு கட்டிப்போடுறது என்ரை தொழில். மருதனார்மடத்தில நாங்கள் வேலை செய்யிற கந்தோரில நிக்கிற பெரிய மெசின் ரெண்டு பாதி. ஒவ்வொரு பாதிக்கும் தன்ரை புரொசஸருகள், தன்ரை மெமரி. கடலில வள்ளக்காரர் ஆபத்தெண்டு பொத்தானை அமத்தினால் கரையில மணி அடிக்க வைக்கிறது உந்த மெசின்தான். மணி பிந்தினால் உயிர் போயிடும்.

அம்மா கேட்டது

அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன்: கட்டாட்டில் த்ரெட் அங்கையும் இங்கையும் அலையும், தன்ரை சாமானை மற்றப் பாதியின்ரை மெமரியில விட்டிட்டு ஒவ்வொருக்காலும் அங்கை போய் எடுக்கும், அதுதான் சுணக்கம். அம்மா மீனை வெட்டினபடி கேட்டா: "உதுக்கோ நாலு வருசம் கம்பசில படிச்சனி?"

சுதன்ரை கணக்கு

என்னோடை வேலை செய்யிற சுதன், முதல் எட்டுப் புரொசஸரும் ஒரே பாதியெண்டு நினைச்சு, ஒரே சாமானைப் பாவிக்கிற எட்டுத் த்ரெட்டை அதுகளில கட்டினான். வேகம் கூடுமெண்டு இருந்தால் குறைஞ்சு போச்சு. பாத்தால், அந்த மெசினில ஒற்றை இலக்கமெல்லாம் ஒரு பாதி, இரட்டை இலக்கமெல்லாம் மற்றப் பாதி! நான் சிரிக்க அவனுக்குக் கோவம் வந்திட்டுது. "இலக்கம் போட்டவன்ரை அட்ரஸைத் தாங்கோ அக்கா, நான் கதைக்கிறன்."

சம்மாட்டியார் வந்தது

சிரிச்சதுக்கு எனக்கும் கிடைச்சுது. நாலைஞ்சு வள்ளம் வச்சிருக்கிற சம்மாட்டியார் ஒருத்தர் கந்தோருக்கே வந்திட்டார். சோதிச்சுப் பாத்தால் சிலநேரம் மணி உடன அடிக்குதாம், சிலநேரம் ஒரு நிமிசம் கழிச்சாம். "நாளைக்கு என்ரை தம்பி கடலுக்குப் போறான் பிள்ளை. சரிவராட்டில் வள்ளத்தில பூட்டின பொத்தானைக் கழட்டி எறிஞ்சுபோடுவன்" எண்டார்.

மெசினுக்கு முன்னால குந்தினன். தேடினால் பிழை என்ரை. மணி அடிக்கிற த்ரெட்டையும், பழைய பதிவுகளைப் பிரதி எடுக்கிற த்ரெட்டையும் ஒரே புரொசஸரில கட்டியிருக்கிறன். பிரதி ஓடேக்கை மணி காத்துக்கொண்டு நிக்குது. பக்கத்துப் புரொசஸரெல்லாம் சும்மா கிடந்தும், கட்டிப்போட்டதால அதாலை அங்கை போகேலாது! உடன அவிட்டு, மணிக்கெண்டு தனியா ஒரு புரொசஸரை ஒதுக்கினன்.

அடுத்தநாள் பிரதியை ஓடவிட்டிட்டுச் சம்மாட்டியாரோடை கரையில நிண்டம். தம்பியார் வள்ளத்தில நிண்டு போனில "அமத்துறன்" எண்டு சொல்லி வாய் மூடமுந்தி மணி அடிச்சுது. எனக்கு அழுகையே வந்திட்டுது. என்ன பிழை விட்டனான் எண்டதையும் ஒளிக்காமல் சொன்னன். சம்மாட்டியார் என்னை ஏற இறங்கப் பாத்தார். "ரெண்டு வள்ளத்தை ஒரே கட்டையில கட்டினால் இடிபடுமெண்டு எங்கடை சின்னப் பெடியளுக்கும் தெரியும், பிள்ளை."

இப்ப எந்தத் த்ரெட்டைக் கட்ட வெளிக்கிட்டாலும், முதல் அந்த மனுசனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேப்பமோ எண்டுதான் எனக்குக் கை குறுகுறுக்குது.